மாடலில் இல்லாத சொரசொரப்பு

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய கம்பெனியின் டிசைன் பிரிவில் வேலை பார்த்தேன். டிரில்லிங் மிஷினில் இரும்புத் துண்டை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஃபிக்சர்களைக் கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. ஒவ்வொன்றிலும் கையால் திருகி இறுக்க ஒரு குமிழ் இருக்கும். எண்ணெய்க் கை வழுக்காமலிருக்க அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பொடிப்பொடியாய் வரி போடுவார்கள். நர்லிங் என்போம்.

கம்ப்யூட்டரில் அந்த வரிகளை யாரும் நிஜமாகச் செதுக்குவதில்லை. செதுக்கினால் ஃபைல் கனத்துப்போய் நகரவே நகராது. முப்பரிமாண மாடலில் வழவழப்பான உருளையை வைத்து, பார்வைக்காக அதன்மேல் வரிகளின் படத்தை ஒட்டிவிடுவோம். அதோடு அனுப்பும் டிராயிங்கில் கொஞ்ச இடத்தில் மட்டும் கட்டம் கட்டமாய்க் கோடு இழுத்து, அம்புக்குறி போட்டு ‘டைமண்ட் நர்லிங்’ என்று எழுதுவோம். எங்கேயும் வழக்கம் இதுதான்.

ஒரு அவசர ஆர்டரின்போது பர்ச்சேஸ் பிரிவினர் வெளிப்பட்டறைக்கு மாடலை மட்டும் அனுப்பிவிட்டார்கள். டிராயிங் போகவில்லை. ஒட்டிய படமோ ஃபைல் வேறு வடிவத்துக்கு மாறும்போதே காணாமல் போய்விடும். பட்டறைக்காரர்கள் கண்ணில் பட்டதைக் கடைந்து அனுப்பினார்கள். கண்ணாடிபோல் பளபளத்த குமிழ்களைப் பார்த்ததும் திருப்பி அனுப்பச் சொன்னேன்.

“டெஸ்பாட்ச் முடியட்டும்மா, அப்புறம் மாத்திக்கலாம்” என்றார் மேனேஜர்.

அந்தக் குமிழ்களை மாட்டிய டிரில்லிங் மிஷினில் நின்றவர் பாகலூர் அக்கா. கான்ட்ராக்ட் ஆள். கணவர் இல்லை, ஒரே மகள். என்னோடு ஒரே வேனில் வருவார். ஏறியதும் மகளை ஃபோனில் தெலுங்கில் திட்டுவார்; வைத்ததும் என்னைப் பார்த்துச் சிரிப்பார். குமிழ்கள் மாட்டிய மறுநாள் சிரிக்கவில்லை.

“பாப்பா, அந்தக் குமிழு கையிலயே நிக்க மாட்டேங்குது. சூப்பர்வைசர்கிட்ட சொன்னா, அழுத்திப் புடிம்மான்றாரு.”

மேனேஜரிடம் மறுபடி போனேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

அந்த வாரமே அக்கா நூல் கையுறை போட ஆரம்பித்திருந்தார். சுழலும் மிஷினில் கையுறை கூடாது. ஒரு நூல் மாட்டினாலும் கையையே இழுத்துவிடும். அது அவருக்கும் தெரியும். ஆனால் கையுறை போட்டால்தான் குமிழ் இறுகியது. துளை போட்ட துண்டுகளின் எண்ணிக்கை குறைந்தால் திட்டு விழுந்தது.

ஒருநாள் அவருடைய அலறல் மாடியில் எங்கள் டிசைன் பிரிவுவரை கேட்டது. நான் இறங்கி ஓடுவதற்குள் மிஷினை நிறுத்தியிருந்தார்கள். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. “என் பொண்ணுக்கு ஃபோன் பண்ணாதீங்க” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

கம்பெனி எழுதிய அறிக்கையில் கையுறை மட்டுமே இருந்தது. தொழிலாளியின் கவனக்குறைவாம். குமிழைப் பற்றி நான் கேட்டபோது மேனேஜர் கதவைச் சாத்தினார்.

“டிராயிங்ல நீ சரியாத்தான் போட்டிருக்க. உன் மேல எந்தத் தப்பும் இல்ல. எதுக்கு நடுவுல வர்ற?”

விசாரணைக்கு அரசு அதிகாரி வந்த அன்று, ஃபிக்சரிலிருந்த குமிழில் எண்ணெய் தடவினேன். “சார், உங்க கையால இறுக்கிப் பாருங்க” என்றேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் திருகினார். வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பிறகு மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

“இத வச்சுக்கிட்டு எப்படிங்க வேல செய்வாங்க?”

அதிகாரி எழுதிய அறிக்கையில் குமிழும் ஏறியது. அடுத்த வாரம் நர்லிங் போட்ட குமிழ்கள் வந்தன. என்னை டிசைனிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் நானே வேலையை விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு இ.எஸ்.ஐ.யில் மாதாமாதம் ஒரு தொகை வருகிறது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அறிக்கையில் குமிழைச் சேர்த்ததைச் சொல்ல வீட்டுக்குப் போனேன். இடது கையால் சோற்றைப் பிசைய முடியாமல் தட்டைத் தள்ளிவைத்திருந்தார்.

“எழுதிட்டாங்களா? சரி” என்றார்.

போன மாதம் பாகலூர் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் மகள், கழுத்தில் புது அடையாள அட்டையோடு. ப்ளஸ் டூ முடித்ததும் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம்.

“மிஷின் வேல இல்ல, பேக்கிங்தான்னு சொல்லியிருக்காங்க பாப்பா” என்றார் அக்கா.

கம்பெனி பஸ் வந்தது. அந்தப் பெண் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் போன பிறகும் நாங்கள் இருவரும் அங்கேயே நின்றிருந்தோம்.