காலடியில் குண்டு, கையில் ரொட்டி

போன வருடம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நோர்வூட்டுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் ஒரு மலைச்சரிவில், வலது காலை அசைக்காமல் ஊன்றிக்கொண்டு, என் சாவு வீட்டுக்கு யார் யார் வருவார்கள் என்று யோசித்தபடி நின்றேன்.

டவுனில் எனக்கு ஒரு ஹாட்வெயார் கடை இருக்கிறது. ஐம்பதை நெருங்கும் வயது. இந்த வயதில் மற்றவர்களுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு நோய் வரும். எனக்கு விமான வருத்தம் வந்தது. தொற்றவைத்தவர், ஹட்டனில் சரித்திரம் படிப்பிக்கும் என் நண்பர். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில், பனிமூட்டத்தில் வழி தவறிய வெள்ளைக்காரர் விமானமொன்று அந்த மலையில் மோதியதாக அங்குள்ள தேயிலைத் தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு கோழிக்கூட்டுக்குக் கூரையாகக் கிடந்த அலுமினியத் தகட்டைப் பார்த்த நாளிலிருந்து நண்பருக்குத் தூக்கம் இல்லை. அவர் போன் பண்ணிக்கொண்டே இருந்ததால் எனக்கும் இல்லை. மிச்சத்தைக் கண்டுபிடித்து, படமெடுத்து, அரசாங்கத்துக்கு அறிவித்து, மியூசியத்தில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. தோட்டத்தை நடத்தும் பெரிய துரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு இருவரும் ஏறினோம்.

வழியெல்லாம் அவர் பாடம் நடத்தினார். விமானத்தில் வெடிக்காத குண்டு இருக்கலாமாம். காலுக்குக் கீழே இரும்பு தட்டுப்பட்டால் அசையவே கூடாதாம். "வெடிச்சா பரீட்சை வைக்க நீங்க இருப்பீங்களா சேர்?" என்று நான் கிண்டலடித்துக்கொண்டே சருகுக்குள் காலை வைத்தேன்.

'டக்'.

குனிந்து சருகை விலக்கினேன். சேற்றுக்குள்ளிருந்து பச்சைக் களிம்பேறிய, உருண்டையான எதுவோ எட்டிப் பார்த்தது.

"சேர்..." என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

"காலை எடுத்துறாதீங்க! இங்க சிக்னலும் இல்ல. நான் ஓடிப்போய் ஆளைக் கூட்டிக்கிட்டு வர்றேன்!"

முழங்கால் வலியென்று லீவு போடுகிற மனிதர் அவர். அன்று அவர் இறங்கிய வேகத்தை ஒரு புள்ளிமானிடம்கூட நான் பார்த்ததில்லை.

தனியாக நின்றேன். முருகனில் தொடங்கி மாதா வரை யாரையும் விடவில்லை. இனி கொத்து ரொட்டியே தொடமாட்டேன் என்றுகூடச் சத்தியம் செய்தேன். பயத்தில் எதைச் சொல்கிறோம் என்ற கணக்கெல்லாம் இல்லை.

அப்போதுதான் தலையில் விறகுக் கட்டோடு ஒரு பெண் காட்டிலிருந்து வந்தார். முன்பின் பார்த்திராத முகம்.

"என்னண்ணே, நட்டுவச்ச மாதிரி நிக்கிறீங்க?"

"தங்கச்சி, கிட்ட வராதீங்க! காலுக்குக் கீழ குண்டு! கீழ ஓடிருங்க!"

அவர் விறகை இறக்கினார். என் காலடியை உற்றுப் பார்த்தார். முகம் வெளுத்தது. இரண்டடி பின்னால் போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேரே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒத்தையில எப்பிடிண்ணே விட்டுட்டுப் போறது? இந்தாங்க, ரொட்டி. சம்பல் கொஞ்சம் ஒறைப்பு."

"வெடிச்சிருச்சுன்னா?"

"வெடிக்கிறப்ப வெடிக்கட்டும். நீங்க மெல்லுங்க."

நேரம் போகப் போக என் கால் தானாக ஆடத் தொடங்கியது. உடனே தன் தோளைக் கொடுத்தார். "நல்லா புடிச்சுக்குங்க. வீட்டுல அண்ணி சோறு கொஞ்சம் கொறைச்சுப் போட்டிருந்தா எனக்குச் சொகமா இருந்திருக்கும்" என்றார். கொழுந்து பறிக்கும் மலையில் நடக்கும் சண்டை, கங்காணியின் நடை, தன் மூத்த மகளின் கல்யாணப் பேச்சு என்று வாய் ஓயாமல் சொன்னார். அந்த நிலையிலும் நான் இரண்டு தடவை சிரித்துவிட்டேன்.

மத்தியானம் தாண்டியபின் பொலிஸாரோடு ஒரு ராணுவ வீரர் வந்தார். எல்லோருக்கும் கடைசியாக, ஒரு மரத்தின் பின்னாலிருந்து, நண்பரின் தலை தெரிந்தது. வீரர் அந்தப் பெண்ணைத் தள்ளிப் போகச் சொன்னார். பொலிஸ்காரர் ஒருவர் என் கையைப் பிடித்த பிறகுதான் அந்தப் பெண் நகர்ந்தார்.

வீரர் மண்ணில் படுத்து விரலால் சேற்றைச் சுரண்டினார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"மாத்தயா, தென் கக்குல கன்ன."

சிங்களத்தில், காலை எடுக்கச் சொல்கிறார். எடுத்தேன். அவர் இழுத்து வெளியே போட்டது, தேயிலைக்கு மருந்தடிக்கும் பழைய டாங்கி! பல வருடமாக நான் கடையில் விற்கும் சாமான். தோளில் மாட்டிக் காட்டி, வாடிக்கையாளருக்கு விளக்கமெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் பாரத்தில் அதன் பித்தளைத் தகடு நெளிந்ததுதான் அந்த 'டக்'.

"யுத்தக் காலத்து டாங்கியா இருக்குமோ?" என்றார் நண்பர்.

அக்கம்பக்கத்தைச் சோதித்த அந்த வீரரும் பொலிஸாருமே சற்று மேலே, பாசிக்குள் புதைந்திருந்த உண்மையான இறக்கைத் துண்டைக் கண்டுபிடித்தார்கள் என்பது தனிக் கதை. நண்பர் அங்கே ஓடினார். என்னால் ஓட முடியவில்லை, கால் மரத்துப்போயிருந்தது.

அந்தப் பெண் டாங்கியைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. பிறகு சிரிப்பு நின்றது, கண்ணீர் நிற்கவில்லை.

"ஏன் தங்கச்சி, அதான் ஒண்ணுமில்லையே?"

"எம் மூணு புள்ளைங்களையும் யாரு பாப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டே நின்னேண்ணே" என்றவர், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறகுக் கட்டைத் தூக்கித் தலையில் வைக்கச் சொன்னார்.

மருந்து டாங்கிக்குப் பயந்தவன் என்று நோர்வூட்டே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். ஆனால் அந்தப் பெண் எனக்குத் தோள் கொடுத்து நின்ற நேரம் முழுவதும் அவருக்கு அது நிஜக் குண்டுதான் என்பது ஞாபகம் வரும்போது, என் சிரிப்பு நின்று கை தானாகக் கும்பிடப் போகிறது.