வியாழக்கிழமை பிரஷர் பார்க்கப் போன வீடு

1. ஒரு விசிட்

குடும்ப நல மருத்துவிச்சியாக நான் வேலை செய்த காலமெல்லாம் கற்பிட்டிப் பாதையில்தான் கழிந்தது. குறிஞ்சிப்பிட்டிக்கும் நுரைச்சோலைக்கும் இடையில் என் ஏரியா. அதில் பாதி, கடற்கரையோரம் எங்கள் கத்தோலிக்க ஆட்கள். மீதிப் பாதி, தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள். யுத்தம் முடிந்த பிறகு சிலர் திரும்பிப் போனார்கள். பலர் இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டார்கள். இரண்டு பக்கத்துத் தாய்மாருக்கும் நான் "மிஸ்ஸி"தான்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம், "மிஸ்ஸி, ஆகக் கஷ்டமான பிரசவம் எது?" என்று கேட்பார்கள். நான் எப்போதும் பஸ்மிலா என்ற முஸ்லிம் தாயின் கதையைத்தான் சொல்வேன். அந்தப் பிள்ளையை வெளியே எடுத்தது டொக்டர்மார். என் கஷ்டம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான்.

ஈஸ்டர் ஞாயிறன்று முஸ்லிம் தீவிரவாதிகள் சிலர் எங்கள் கோயில்களில் குண்டு வெடிக்க வைத்த கிழமை அது. பூசைகள் நிறுத்தப்பட்டிருந்தன. எங்கள் ஊரில் வாசலுக்கு வாசல் துக்கத்துக்கு வெள்ளைக்கொடி. எம்.ஓ.எச். என்கிற எங்கள் சுகாதாரக் கந்தோரிலிருந்து டொக்டர் போன் எடுத்து, "இந்தக் கிழமை வீட்டு விசிட் கட்டாயமில்ல. நிலைமையைப் பார்த்து நீங்களே முடிவெடுங்க" என்றார். நல்ல மனிதர், என்னை நினைத்துத்தான் சொன்னார்.

ஆனால் பஸ்மிலாவுக்குப் போன கிளினிக்கிலேயே பிரஷர் கூடியிருந்தது. முதல் பிள்ளை. வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

காலையில் ஸ்கூட்டரை வெளியே எடுத்தபோது பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"எங்க போறாய்? அந்தப் பக்கமா?"

"ஓம் அக்கா. ஒரு தாய்க்குப் பிரஷர் பார்க்கணும்."

"எங்கட ஆக்கள் கோயிலுக்குள்ள செத்துக் கிடந்தவங்கள். நீ அவங்கட வீட்டுக்குப் போறாய், என்ன?"

கோபம் எனக்கும் இருந்தது. ஆர் மேலே என்று தெரியாத கோபம். அந்த நான்கு நாளும் செபமாலையைக் கையில் எடுத்தால் முதல் மணியைத் தாண்டி என்னால் செபிக்க முடியவில்லை. அந்த நிலையில்தான் போனேன்.

2. வெள்ளைக்கொடி கட்டிய ஓட்டோ

பஸ்மிலாவின் வீட்டுக் கதவு உள்ளால் பூட்டியிருந்தது. தட்டியும் திறக்கவில்லை. "மிஸ்ஸி வந்திரிக்கேன்" என்று சத்தம் போட்ட பிறகுதான் மாமியார் ஹாஜரா உம்மா ஒரு பக்கக் கதவை மட்டும் திறந்தார். என் யூனிஃபோமைக் கண்டதும் அழத் தொடங்கிவிட்டார்.

"நீங்க வர மாட்டீங்கண்டுதான் நெனச்சோம் மிஸ்ஸி."

பஸ்மிலா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகமும் கால்களும் ஊதியிருந்தன. கண்ணுக்கு முன்னால் மின்னி மின்னித் தெரிகிறது, தலை பிளக்கிற மாதிரி வலி என்றாள். பிரஷரைப் பார்த்தேன். நம்பிக்கையில்லாமல் மற்றக் கையிலும் பார்த்தேன். இரண்டிலும் ஒரே கதைதான். வலிப்பு வருவதற்கு முன்பு ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

"எனக்கு ஏலா மிஸ்ஸி. பாதையில சோதிக்கிறவங்க எறக்கி வச்சிருவாங்க. ஆஸ்பத்திரியில எல்லாரும் எங்களப் பாப்பாங்க. நான் இங்கயே பெத்துக்கிறேன்" என்றாள் பஸ்மிலா.

அவளுடைய கணவன் லொறியில் மரக்கறி ஏற்றிக்கொண்டு கொழும்புப் பக்கம் போனவன், பாதைச் சோதனைகளைத் தாண்டி வர வழியில்லாமல் அங்கேயே நின்றான். ஆம்புலன்சுக்கு அடித்தேன். அது வேறு நோயாளியோடு போயிருந்தது. அடுத்த வீட்டில் ஓட்டோ இருந்தது. அதை ஓட்டும் முஸ்லிம் பையன் வெளியே வந்து, "நான் வாறேன் மிஸ்ஸி. ஆனா செக்பொயின்டுக்குச் செக்பொயின்ட் என்ன எறக்கிச் சோதிப்பாங்க. நேரம் போயிரும். பரவாயில்லையா?" என்று கேட்டான். அவன் சொன்னது உண்மை. நேரந்தான் எங்களிடம் இல்லாதது.

எனக்கு அன்ரனைத் தவிர வேறு ஆள் நினைவுக்கு வரவில்லை. எங்கள் ஊர் ஓட்டோக்காரன். அவனுடைய அக்காவின் மகள் நீர்கொழும்புக் கோயிலில் அந்த ஞாயிறு இறந்துபோனவள். செவ்வாய்க்கிழமைதான் அடக்கம்.

போன் எடுத்து விசயத்தைச் சொன்னேன்.

"எந்தப் பக்கத்து ஆள் அக்கா?"

சொன்னேன்.

"நான் அந்தப் பிள்ளைக்கு மண் போட்டுட்டு வந்து நிக்கிறேன். என்னிட்ட இதக் கேக்காதீங்க."

"கேக்கக் கூடாதுதான் அன்ரன். ஆனா வேற ஆரிட்டக் கேக்கிறது? வலிப்பு வந்தா தாயும் போயிடும், பிள்ளையும் போயிடும்."

போன் கட்டாகிவிட்டது. வேதாகமத்திலிருந்து நாலு வசனம் சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தேன். அந்த நேரம் ஒரு வசனமும் வாயில் வரவில்லை என்பதுதான் உண்மை. அடுத்த வீட்டுப் பையனையே கூட்டிக்கொண்டு போவோம் என்று பஸ்மிலாவைத் தூக்கி உட்கார வைத்தபோது வெளியே ஓட்டோச் சத்தம் கேட்டது.

அன்ரன் இறங்கவில்லை. ஒருவரையும் பார்க்கவுமில்லை. ஓட்டோவில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. முன் கண்ணாடியில் அந்தப் பிள்ளையின் படம். ஹாஜரா உம்மா படத்தைக் கண்டதும் ஏறாமல் நின்றுவிட்டார். நான்தான் கையைப் பிடித்து ஏற்றினேன்.

பாதி வழியில் ஹாஜரா உம்மா முன்னால் குனிந்து கேட்டார். "மகன், அது ஒங்கட புள்ளையா?"

"அக்காட மகள்."

"எங்கட மார்க்கத்திட பேரச் சொல்லிக்கிட்டு இதச் செஞ்சவனுகள அல்லாஹ் விட மாட்டான் மகன்." முக்காட்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அன்ரன் பாதையில் குழி வந்த இடமெல்லாம் வேகத்தைக் குறைத்து, பஸ்மிலாவுக்கு அடிபடாமல் ஓட்டினான்.

செக்பொயின்டில் மறித்தார்கள். இளவயது ஆமிக்காரன் ஒருவன் குனிந்து பார்த்து, இவர்கள் ஆர் என்று சிங்களத்தில் கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் அன்ரன் சொன்னான்: "அபே கட்டிய." எங்கட ஆக்கள் என்று அர்த்தம்.

ஆமிக்காரன் கண்ணாடியிலிருந்த படத்தைப் பார்த்தான். பின்னால் முக்காடு போட்ட இருவரையும் பார்த்தான். பிறகு அன்ரனின் முகத்தை. பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே குழந்தைச் சட்டைகளும் ஒரு துவாயும். எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தவன், எடுத்த மாதிரியே மடித்து வைத்து, "சீக்கிரம் போங்க" என்று வழிவிட்டான்.

அன்று பின்னேரமே சீசர் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. நிறை குறைவு, ஆனால் நல்ல சத்தம். இன்னும் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார் டொக்டர். செய்தியைச் சொல்ல வெளியே வந்தேன். அன்ரன் போகாமல் நின்றான். பாணும் பிளேன்டீயும் வாங்கி வந்து ஹாஜரா உம்மாவின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது, "என்னெண்டு அப்பிடிச் சொன்னாய்?" என்று கேட்டேன்.

"வேற என்ன சொல்லுறது அக்கா? விடணுமே" என்றான். கொஞ்சத் தூரம் போனதும் ஓட்டோவை ஓரமாக நிறுத்தி, ஹாண்டிலில் தலையை வைத்து அழுதான். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் அழுதது அப்போதுதான் என்று பிறகு சொன்னான்.

3. மதரஸா மண்டபத்துக் கிளினிக்

எங்கள் மாதாந்தக் கிளினிக் கோயில் மண்டபத்தில்தான் நடக்கும். அடுத்த மாதமும் பாதுகாப்புக்காக மண்டபத்தைப் பூட்டியிருந்தார்கள். தடுப்பூசி போடவேண்டிய பிள்ளைகளுக்கோ நாள் தள்ளிக்கொண்டே போனது. பள்ளிவாசல் நிர்வாகத்தைக் கேட்டதும் மதரஸா மண்டபத்தைத் தந்தார்கள். கதிரைகளையும் அவர்களே கழுவிப் போட்டிருந்தார்கள்.

முதல் நாள் எங்கள் ஆட்கள் ஒருவரும் வரவில்லை. ஒரு பக்கக் கதிரையெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. முடிக்கிற நேரம் அன்ரனின் ஓட்டோ வந்தது. அவன் பெண்சாதி மெரில்டா பிள்ளையோடு இறங்கி, வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நின்றாள்.

"செருப்போட வாங்க மகள், பரவாயில்ல" என்றபடி ஹாஜரா உம்மா எழுந்து போய்ப் பிள்ளையை வாங்கினார். பஸ்மிலா தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். இரண்டு தாய்மாரும் பால் கொடுப்பதைப் பற்றியும், பிள்ளை இரவில் படுத்தும் பாட்டைப் பற்றியும் கதைக்கத் தொடங்கினார்கள். அடுத்த கிளினிக்குக்கு மெரில்டா இன்னும் சிலரைக் கூட்டி வந்தாள். மதிலுக்கு மேலால் என்னைக் கேள்வி கேட்ட அக்காவும் பேரப்பிள்ளையோடு வந்தாள். என்னோடு கதைக்கவில்லை. ஆனால் வந்தாள்.

நான் கோயிலில் பாடியிருக்கிறேன், பீடத்துக்குப் பூ வைத்திருக்கிறேன். விசுவாசம் என்றால் அதுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தக் கிழமை எனக்கு விளங்கிய விசயம் சின்னது. மன்னிக்கிற மனது முதலில் வரவேண்டும், அதற்குப் பிறகுதான் நல்லது செய்யலாம் என்று காத்திருந்தால், பஸ்மிலா பாயிலேயே கிடந்திருப்பாள். மனது ஆயத்தமில்லாத நாளிலும் போய்க் கதவைத் தட்டுங்கள், பிள்ளைகளே. தாயின் கையைப் பிடித்து நாடி பாருங்கள். கடவுள் மற்றதை அந்த வேலைக்குள்ளேயே வைத்துத் தருவார்.