அரசப்பன் பிடுங்காத பல்பு

புதுவாயல் கூட்டுரோட்டில் லாரிகளுக்கு வயரிங் வேலை பார்த்த அரசப்பனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆரம்பாக்கத்தில் ஊரார் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்களின் மகன். 1974இல் சொந்தக் கடை போட்டபோது, பலகையில் தன் பெயரைச் சுவர் அகலத்துக்கு எழுதிக்கொண்டார். எழுதட்டுமே, கைவேலை அப்படி!

அந்தக் கடைக்குச் சோறு போட்டவை துளசிராமன் முதலாளியின் மூன்று லாரிகள். மூன்றிலும் காற்று பிரேக்; அந்த வட்டாரத்துக்கே புதுசு. காற்று குறைந்தால் பிரேக் பிடிக்காது; அதை எச்சரிக்க டிரைவர் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

ஒருநாள் மதியம், நெல்லூருக்கு இரும்பு ஏற்றிய லாரியில் முதலாளியே வந்து இறங்கினார். சிவப்பு விளக்கு அணையவே மாட்டேன் என்கிறதாம்.

"பேஜாரா கீது அரசப்பா. அந்தப் பல்ப புடுங்கி, வண்டில கீற சாமி படத்துக்கு மாட்டிவுடு. மத்த ரெண்டு வண்டிலயும் நாங்களே அப்டித்தான் மாட்டிக்கினு ஓட்டுறோம்."

அரசப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வெளக்கு மேல இன்னா தப்பு மொதலாளி? காத்து எங்கியோ போவுது."

"வயர்காரன் வயரப் பாரு. இல்லாங்காட்டி மூணு வண்டியும் வேற கடைக்குப் போவும்."

மூன்றும் போனால் வீட்டு அடுப்பில் பூனைதான் உறங்கும். அது அரசப்பனுக்கும் தெரியும். ஆனால் லாரியில் உட்கார்ந்திருந்த டிரைவர் ஜோசப்பின் முகமும் கண்ணில் பட்டது.

"போனா போவட்டும். பல்ப நான் புடுங்க மாட்டேன். ஜோசப்பு, இன்ஜின ஓடவுடு."

வயரிங்காரர் வண்டிக்கு அடியில் போய்ப் படுக்கிற வழக்கம் கிடையாது. அரசப்பன் படுத்தார். துணி சோப்பைக் கரைத்து, காற்றுக் குழாய்கள் நெடுகத் தடவினார். பின்சக்கரத்துக்குப் போகும் ரப்பர் குழாயில் நுரை குபுகுபுவென்று பொங்கியது.

இன்ஜினை நிறுத்தச் சொல்லி, குழாயைக் கழற்றி முதலாளி கையில் கொடுத்தார். முதலாளி லேசாக வளைத்ததும் வெடிப்பு வாயைப் பிளந்தது. ஒரு நூல் கனம்தான் ஒட்டியிருந்தது. ஜோசப் சிலுவை போட்டுக்கொண்டார். முதலாளி லாரியில் ஏற்றியிருந்த இரும்பை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். புதுக் குழாய் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டுக் காற்று ஏறியதும் விளக்கு தானாக அணைந்தது.

மறுநாள் காலை, மற்ற இரண்டு லாரிகளும் கடை வாசலில் வந்து நின்றன.

"அந்த ரெண்டு பல்பையும் எடுத்து, இருந்த எடத்துலயே போடு," என்றார் முதலாளி.

"அப்போ சாமிக்கு?" அரசப்பனின் வாய் சும்மா இருக்குமா?

"சாமிக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும்ப்பா. எனக்குத்தான் பட்டப்பகல்ல தெரியல."

அரசப்பன் ஸ்க்ரூ டிரைவரோடு லாரியில் ஏறினார். பலகையில் பெயர் எழுதிய அன்றுகூட அவருக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.