மூன்றாவது சுருள்

இரண்டு பஸ் மாறி வந்ததில் அவளுக்கு முதுகு விண்விண்ணென்று வலித்தது. பிளாஸ்டிக் வாளி செய்யும் அந்தத் தொழிற்சாலைக்கு இது மூன்றாவது நடை. ரியாக்டர் செய்யும் கம்பெனியில் அவளுக்கு சர்வீஸ் வேலை. எங்கே சுருள் கருகினாலும் ஏச்சு வாங்குவது அவள்தான். அதுவும் சம்பளத்தில் சேர்த்திதான் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

மின்சாரம் வீணாகாமலிருக்கத் தொழிற்சாலைகளில் வைக்கும் கப்பாசிட்டர்களைக் காக்க அவற்றோடு இணைக்கும் செம்புச் சுருள்தான் ரியாக்டர். இங்கே இரண்டு எரிந்துவிட்டன. மூன்றாவதும் கருகத் தொடங்கியிருந்தது. சரக்கே மட்டம் என்று தொழிற்சாலை மேனேஜர் போனிலேயே தீர்த்துவிட்டார். சோதனையில் தேறிய சுருள், நம் மேல் தப்பில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தது கம்பெனி.

முந்தைய இரண்டு முறையும் எரிந்ததைக் கழற்றி வாசலில் வைத்திருந்தார்கள். அவளும் புதியதைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். ஓடும்போது பார்ப்பது இதுவே முதல் தடவை. கப்பாசிட்டர் அறைக்குள் கால் வைத்ததுமே வேர்த்துக் கொட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் உருக்கும் உலை. ஜன்னலை மறைத்து அட்டைப்பெட்டிகள். நாற்பது டிகிரிக் காற்றுக்கென்று செய்த சுருள் அது. அறையிலோ ஐம்பதைத் தாண்டியிருந்தது. போதாக்குறைக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் புதிய மோட்டார்கள் மின்சாரத்தைக் கரடுமுரடாக்கிச் சுருளை இன்னும் சுட வைத்தன.

சூடு மிஞ்சினால் தானாக அணைந்திருக்க வேண்டுமே? கூட வந்த எலக்ட்ரீஷியனிடம் கரண்டை நிறுத்தச் சொல்லிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். சூட்டு சுவிட்ச் வேலை செய்யாதபடி அதைத் தாண்டி ஒரு சிவப்பு ஒயர் ஓடியது.

"அண்ணே, இது யாரு போட்டது?"

எலக்ட்ரீஷியன் கதவுப் பக்கம் பார்த்தார். "நான்தாம்மா. சும்மா சும்மா கட் ஆச்சு. மிஷின் நின்னா மேனேஜர் என் உயிரை எடுக்கிறாரு."

அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஒயரை அவரையே கழற்ற வைத்துவிட்டு மேனேஜரிடம் போனாள்.

"இந்த ரூமுல எதை வெச்சாலும் எரியும் சார். பெட்டியை எடுத்துட்டு, வெளிச் செவுத்துல ஓட்டை போட்டு ஃபேன் வைங்க. மோட்டாருக்குத் தகுந்த பெரிய சுருள் நாங்க தர்றோம். உங்க ஆளைத் திட்டாதீங்க, அவரும் என்ன பண்ணுவாரு?"

மேனேஜர் முணுமுணுத்தார், உற்பத்தி நிற்கும் என்றார். பிறகு எரிந்த சுருள்களை நினைத்தாரோ என்னவோ, கொத்தனாருக்குப் போன் போட்டார்.

வீடு திரும்பியவளிடம், போன காரியம் என்னவாயிற்று என்று கணவர் கேட்டார். பதில் சொல்லுமுன் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.

பெரிய சுருள் போன பிறகு தொழிற்சாலையிலிருந்து அழைப்பே வரவில்லை. நன்றாக ஓடுகிறது என்று சொல்ல யார் போன் செய்யப் போகிறார்கள்?