பெரிய டிரம்மின் ரெட்டை அடி

எங்கள் பங்குக் கோயில் பேண்டில் பாட்டை நிறுத்தும் அதிகாரம் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. மீசையை முறுக்கிவிட்டு, வெள்ளிப் பூண் போட்ட கோலைச் சுழற்றிக்கொண்டு முன்னால் போகிறாரே, அந்தத் தலைவருக்கு இல்லை. அவர் அழகுக்கு. பெரிய டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடைசியாக நடக்கிறவர்தான் நிறுத்த முடியும். பாட்டு முடியப்போகிறது என்பதற்கு அடையாளமாக முதல் பியூகிள், அதாவது முதல் ஊதுகொம்பு, ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும். அதைக் கேட்டதும் டிரம்காரர் நெருக்கமாக இரண்டு அடி போடுவார். ரெட்டை அடி என்போம். அது விழுந்தால் அத்தனை பேரும் கப்பென்று நிறுத்த வேண்டும். விழாவிட்டால், மழை கொட்டினாலும் மாடு குறுக்கே வந்தாலும், பாட்டை முதலிலிருந்து திரும்ப வாசித்துக்கொண்டே நடக்க வேண்டும். யாரும் தன் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது. எங்கள் பேண்டில் இதற்கு மேல் ஒரு சட்டம் கிடையாது.

முதல் பியூகிள் ஊதுகிறவள் நான். பெரிய டிரம் அடித்தவர் என் வீட்டுக்காரர்.

இந்தப் பேண்டு எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் சோமனூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் பங்கில் மூன்று கதை சொல்வார்கள். பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் இரண்டு பியூகிளோடு வந்து இறங்கினார் என்பது ஒன்று. வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் கப்பலில் வரவழைத்தார் என்பது இன்னொன்று. பக்கத்துப் பங்குக்காரர்கள் தேர்த் திருவிழாவுக்குப் பேண்டு வைத்துவிட்டார்கள், எங்களவர்களுக்கு வயிறு எரிந்துவிட்டது என்பது மூன்றாவது. எனக்கு மூன்றாவதில்தான் நம்பிக்கை. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா? வருடா வருடம் பங்குகளுக்குள் நடக்கும் பேண்டுப் போட்டியில் சுழற்கேடயம் கைமாறிப் போனால், தவக்காலம் முன்கூட்டியே வந்துவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு திரிவார்கள்.

பெண்களை முதலில் சேர்க்கவில்லை. பையன்கள் படிப்பு, வேலை என்று பெங்களூருக்கும் துபாய்க்கும் போய், ஊத மூச்சு இல்லாமல் பேண்டு திணறியபோதுதான் எங்கள் ஞாபகம் வந்தது. நான் கோயமுத்தூர் கான்வென்டில் படித்தபோது பியூகிள் ஊதியவள். அதில் அமுக்கப் பொத்தானோ மூடத் துளையோ இல்லை. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும்தான் கிடைக்கிற நாலைந்து சுரத்தையும் பிடிக்க வேண்டும். "பொம்பள ஊதுனா சத்தம் வருமாக்கு?" என்று கேட்ட தலைவரின் காதுக்குப் பக்கத்தில் போய் ஒரு ஊது ஊதினேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் இளவட்டமாக இருந்தபோதே விசைத்தறிக் குடோனுக்கு வேலைக்குப் போனவர். ஓடும் தறிகளுக்கு நடுவே நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை. பேசினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள், கையால் ஜாடை காட்டுவார்கள். வெளியே வந்த பிறகும் அதே பழக்கம்தான். தறிக்காரர்கள் டீக்கடையில் பேசினால் சண்டை போடுகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் ஒதுங்கிப் போவார்கள். அதனால்தான் இவருக்குக் காது மங்கி வந்தது யாருக்கும் தெரியவில்லை. எனக்கே வெகுநாள் தெரியவில்லை. நேருக்கு நேர் நின்று பேசினால் டாண் டாண் என்று பதில் வரும். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டார். திமிர் என்று நினைத்து நானும் திட்டுவேன். திட்டுவதும் கேட்காது.

பேண்டில்தான் அது எனக்குப் பிடிபட்டது. சைடு டிரம் சத்தம் அவருக்குப் போதுமான அளவு கேட்டது. பெரிய டிரம்மின் அதிர்வை நெஞ்சே சொல்லிவிடும். பியூகிள்தான் முதலில் போய்விட்டது. ஒரு மாலை ஒத்திகையில் நான் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்ட நிற்கிறேன், ரெட்டை அடி விழவே இல்லை. ஊதிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கன்னம் உப்பியிருப்பதைக் கண்ட பிறகுதான் கை அசைந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏனுங்க, நான் ஊதறது உங்களுக்குக் கேக்குதுங்களா, இல்லீங்களா?"

"கம்முனு இரு அம்மணி. அதெல்லாம் நல்லாத்தான் கேக்குது."

"டாக்டருகிட்டக் காட்டிப்போட்டு வந்தரலாமுங்க."

"காட்டுனா அவன் கேக்கலைனு எழுதிக் குடுப்பான். பொறவு டிரம்மைத் தொட உடுவாங்களா?"

அவருக்கு அந்த டிரம்தான் எல்லாம். குடோனில் அவர் சொல்லி ஓடுவது எதுவும் இல்லை. தறி ஓடினால் இவர் ஓட வேண்டும். டிரம்மை மாட்டிக்கொண்டால் மட்டும் ஒரு பங்கே இவர் கைக்கு நடக்கும், இவர் கைக்கு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை டிரம்மைத் துடைத்து வார்களை இறுக்கும்போது அவர் முகத்தில் இருக்கும் களையை, கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. அதைப் பிடுங்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. எப்படியாவது ஒளித்து ஓட்டிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

எங்கள் அணிவகுப்பில் பியூகிள்கள் முன்னால், சைடு டிரம்கள் நடுவில், பெரிய டிரம் கடைசியில். என் முதுகு அவருக்குத் தெரியும். கடைசிச் சுரத்துக்கு வந்ததும் வலது முழங்கையைத் தோளுக்கு மேல் தூக்கிவிடுவேன். அதைப் பார்த்து அடிப்பார். "என்ன அக்கா, இறக்கை முளைக்குதா?" என்று பக்கத்தில் ஊதும் பெண் கிண்டலடிப்பாள். ஸ்டைல் என்று சொல்லி வைத்தேன்.

இந்த வருடப் போட்டி காங்கேயம் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில். அறிவிப்போடு புது விதி ஒன்று வந்தது. நடுவர் பந்தலை நெருங்கும்போது டிரம்கள் முன்னே வர வேண்டும், பியூகிள்கள் இரண்டாகப் பிரிந்து பின்னால் போக வேண்டும், அப்படியேதான் பாட்டை முடிக்க வேண்டும். செல்போனில் எடுத்தால் நன்றாக இருக்குமாம். விதி எழுதியவரை என் கையில் கொடுத்திருந்தால் அவர் செல்போனை என்ன செய்திருப்பேன் என்று சொல்ல முடியாது.

"எண்ணிப் போடறேன் கண்ணு" என்றார் இவர். டிரம்கள் முன்னே வந்ததிலிருந்து பாட்டு முடியும்வரை எத்தனை அடி என்று மனப்பாடம் செய்துகொண்டார். சாப்பிடும்போது தட்டில் தட்டினார். பேருந்து இருக்கையில் தட்டினார். ஒத்திகையில் ஒரு முறைகூடத் தப்பவில்லை. நான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

எங்கள் பேண்டில் இன்னொரு வழக்கம் உண்டு. வாசித்துக்கொண்டு போகும்போது சாவு ஊர்வலமோ பிணம் ஏற்றிய வண்டியோ எதிர்ப்பட்டால் பியூகிளைத் தாழ்த்திவிடுவோம். பெரிய டிரம்மும் நின்றுவிடும். சைடு டிரம்காரர்கள் மட்டும் விளிம்புக் கட்டையில் குச்சியால் மெல்லத் தட்டிக்கொண்டு நடப்பார்கள். வண்டி கடந்த பிறகு, எந்த இடத்தில் விட்டோமோ அங்கிருந்து தொடர வேண்டும். செத்தவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்ப்பதில்லை. எத்தனையோ வழக்கத்தைக் கைவிட்ட பேண்டு இதை விட்டதே இல்லை. போட்டியில் விட்டாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அன்று எல்லாம் பிரமாதமாகப் போனது. கால்கள் ஒன்றாக விழுந்தன. பந்தலை நெருங்கினோம். டிரம்கள் முன்னே போயின, நாங்கள் பிரிந்து பின்னால் வந்தோம். அவர் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. அப்போது மைதானத்து வேலிக்கு அப்பால், ரோட்டில், மாலை போட்ட அமரர் ஊர்தி ஒன்று மெதுவாக வந்தது. தலைவர் கோலைத் தாழ்த்தினார். பியூகிள்கள் இறங்கின. பெரிய டிரம் நின்றது. விளிம்புக் கட்டையில் குச்சிகள் மட்டும் டிக் டிக் என்றன. பார்த்துக்கொண்டிருந்த கூட்டம்கூட எழுந்து நின்றது. என் வீட்டுக்காரர் தலை குனிந்து சிலுவை போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அவர் எண்ணிக்கை அந்த நேரத்தில்தான் நழுவியிருக்க வேண்டும்.

வண்டி போனது. விட்ட இடத்திலிருந்து எடுத்தோம். கடைசிச் சுரம் வந்தது. பிடித்தேன். ரெட்டை அடி இல்லை. பிடித்துக்கொண்டே இருந்தேன். இல்லை. சட்டம் சட்டம்தானே, எல்லோரும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இரண்டாவது முறையும் அப்படியே ஆனது. பந்தலைத் தாண்டிவிட்டோம். நேரம் முடிந்த மணி அடித்தார்கள். நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், அவரால் என்ன செய்ய முடியும்? எதிரே பள்ளிக்கூடச் சுவர் வந்துகொண்டிருந்தது. இவர் அடித்துக்கொண்டே போனார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தப்பான இடத்தில் நிறுத்திவிடுவோமோ என்ற பயத்தில் நிறுத்தவே மாட்டாமல் தவிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

போய்த் தொட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். தொடாவிட்டால் சுவரில் முட்டிக்கொண்டு நிற்போம். எனக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டு பியூகிள் ஊத முடியாது. வாயிலிருந்து அதை எடுத்தேன். பேண்டில் யாரும் செய்யாத காரியமாக வரிசையை விட்டு வெளியேறி, சைடு டிரம்காரர்களுக்கு நடுவே புகுந்து போய், பாட்டு முடிகிற இடத்தில் அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தேன். உடனே ரெட்டை அடி விழுந்தது. எல்லோரும் நின்றார்கள். அவர் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

கேடயம் இல்லாமல் வேனில் திரும்பினோம். இவர் முன் இருக்கையில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். தலைவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரும் தறிக்காரர்தான்.

"எத்தன நாளாங்க அம்மணி?"

"நெம்ப நாளாங்க."

"டிரம்மை வேற ஆளுகிட்டக் குடுத்தரலாமுங்க. நீங்களே அவருகிட்டப் பக்குவமாச் சொல்லிப்போடுங்க."

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "உங்களுக்கு மட்டும் நல்லாக் கேக்குதுங்களாக்கு?" என்று வேனுக்கே கேட்கும்படி கத்தினேன். "நீங்களும் குடோன்லதான நிக்கறீங்க? ஒருத்தராச்சும் காதைக் காட்டியிருக்கறீங்களா?"

தலைவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பின்னால் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் நான் என்ன சொன்னேன் என்று ஜாடையில் கேட்டார். அதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் வடிந்து, பயமாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, "பியூகிளை எடுத்துட்டு வா அம்மணி" என்று என்னைக் கோயில் மைதானத்துக்கு அழைத்துப் போனார். கொடிமரத்துக்குப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"கேட்டடிக்குப் போய் ஊது. அப்படியே நடந்து நடந்து பக்கமா வா. கேட்டுதுன்னா கையத் தூக்கறேன்."

கேட்டில் நின்று ஊதினேன். கை எழவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு வரை வந்து ஊதினேன். எழவில்லை. கெபியில் இருக்கும் மாதா சிலைக்கு முன்னால் நின்று, கழுத்து நரம்பு புடைக்க ஊதினேன். எதிர் வீட்டு மாடியில் ஒருத்தர் எட்டிப் பார்த்தார். இவர் அசையாமல் நின்றார். பியூகிளை இறக்கிவிட்டு, சத்தமில்லாமல் இன்னும் கொஞ்சம் பக்கமாக நடந்தேன்.

அவர் கை எழுந்தது.

"கேட்டுது அம்மணி! நல்லாக் கேட்டுது!" என்று சிரித்துக்கொண்டே திரும்பினார்.

பியூகிள் என் தொடையோடு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அது வாயில் இல்லை என்பதைப் பார்த்தார். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"ஊதலையாக்கு?"

இல்லை என்று தலையாட்டினேன். பொய் சொல்லியிருக்கலாம். அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்குப் பொய் வரவில்லை.

"செரி. டிரம்மை அவிங்ககிட்டவே குடுத்தரு" என்றார். கொடிமரத்துப் படியில் என்னைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். "இப்ப ஊது கண்ணு. பாத்துக்கிட்டாச்சும் இருக்கறேன்."

ஊதினேன். உதடு நடுங்கி, முதல் சுரமே பிசிறடித்தது. அவர் நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார்.