பாதியாகக் குறைந்த மாத்திரை

விமானத்தில் ஏற்ற முடியாது என்று வான்கூவர் விமான நிலையத்துப் பெண் சொன்னபோது ஓரெஸ்டுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஆள் மாறிப் பேசுகிறாள் என்று நினைத்தார்.

"திரும்பி வர்ற டிக்கெட்டைக் காட்டுங்க சார்."

"இன்னும் எடுக்கலம்மா. என் சம்சாரம் அங்கதான் இருக்கா. ஏப்ரல்ல ரெண்டு பேரும் சேர்ந்து வருவோம். எந்தத் தேதின்னு அவதான் சொல்லணும்."

"பிலிப்பைன்ஸுக்குத் தனியா போறவங்க, அங்கேருந்து வெளிய போற டிக்கெட் இல்லாம ஏற முடியாது சார்."

"வருஷா வருஷம் போறேன். ஒரு தடவைகூட யாரும் கேட்டதில்ல."

"அப்பல்லாம் உங்க மனைவி பக்கத்துல நின்னிருப்பாங்க."

ஓரெஸ்டின் சிரிப்பு அப்படியே உறைந்துபோனது. அவள் சொன்னது உண்மை. ஜோவலின் இல்லாமல் அவர் பயணம் போனதே இல்லை.

ஓரெஸ்ட் ஹனட்யூக் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் கனோரா என்ற சின்ன ஊர்க்காரர். அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். எந்த இயந்திரத்தையும் சத்தம் கேட்டே சீக்கு சொல்லிவிடுவார். ஆனால் நாலு வரி எழுதியிருக்கும் தாளை நீட்டினால் முகம் சுளிப்பார். முதல் மனைவி பிரிந்துபோன பிறகு வெகுகாலம் தனியாகவே இருந்தவர். ஊர் முதியோர் இல்லத்தில் வேலைக்கு வந்த ஜோவலினைத் தேவாலயச் சாப்பாட்டில் பார்த்தார். பனியில் சிக்கிய அவளுடைய காரை இழுத்துவிட்டார். அதில் தொடங்கியதுதான். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் தாள் என்று எது வந்தாலும் அது ஜோவலின் பக்கம் போய்விடும். வரி, வங்கி, பயணம், காப்பீடு எல்லாம் அவள் பாடு. பெட்டி தூக்குவது மட்டும் இவர் பாடு.

அந்த டிசம்பரில் பிலிப்பைன்ஸில் ஜோவலினின் ஊரான இலோயிலோவிலிருந்து சேதி வந்தது. ஜோவலினின் அம்மா நனாய் இசிங் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. 'நனாய்' என்றால் அங்கே அம்மா. ஜோவலின் கையில் கிடைத்ததை வாரிப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கையில் எடுத்த வேலையை முடித்துவிட்டு ஓரெஸ்ட் பின்னால் வருவதாக ஏற்பாடு. இப்படித்தான் பயணச் சீட்டும் காப்பீடும் முதன்முறையாக அவர் தலையில் விழுந்தன.

காப்பீட்டைத் தொலைபேசியிலேயே முடித்தார். மறுமுனையில் ஒரு பையன் படபடவென்று கேள்விகளை ஒப்பித்தான்.

"சமீபத்துல மருந்துல ஏதாவது மாற்றம் உண்டா சார்?"

"மோசமா ஒண்ணுமில்ல தம்பி. நல்லாயிருக்கேன். முன்னைவிட நல்லாயிருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த மாதம்தான் ஊர் வைத்தியர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியிருந்தார். "ரத்த அழுத்தம் அழகா இறங்கியிருக்கு ஓரெஸ்ட். மாத்திரையைப் பாதியாக்கிடலாம்," என்றார். அந்தச் சந்தோஷத்தில் அன்று இரவு வெண்ணெய் ஊற்றிய பிரோகிக் கொழுக்கட்டை ஒரு தட்டுக்கு இரண்டு தட்டாக உள்ளே போனது. பக்கத்து வீட்டு டெல்மர், "கிழவனுக்கு வாலிபம் திரும்புது, பொண்டாட்டியும் ஊர்ல இல்ல, பாத்து," என்று கேலி செய்தான்.

வான்கூவரில் அவர் கண்ணில் பட்ட முதல் சீட்டை, மணிலாவிலிருந்து ஹாங்காங் போவதை, அவசரமாக எடுத்துக் காட்டித்தான் விமானம் ஏறினார். மணிலாவில் அடுத்த அடி. குடியேற்ற அதிகாரி அவர் கடவுச்சீட்டில் முத்திரை குத்தித் தள்ளினார். முப்பது நாள்.

"ஐயா, எனக்கு எப்பவும் ஒரு வருஷம் குடுப்பாங்க. என் மனைவி உங்க ஊர்க்காரி. கல்யாணப் பத்திரம்கூட இருக்கு பாருங்க."

அதிகாரி நல்ல மனிதர்தான். பத்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சலுகை பத்திரத்துக்கு இல்ல சார். கூடவே வந்து இறங்குற பொண்டாட்டிக்குத்தான். இன்னிக்கு நீங்க ஒரு சுற்றுலாக்காரர். தேவைப்பட்டா ஆபீஸ்ல போய் நீட்டிச்சுக்கோங்க."

பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தபோதுதான் ஓரெஸ்டுக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் தன்னை வரவேற்றது அந்த நாடு என்று நினைத்திருந்தார். ஜோவலினுடைய தோள் அல்லவா வழிவிட்டிருக்கிறது.

இலோயிலோவுக்கு வெளியே பொட்டோட்டானில் ஜோவலினின் வீடு. நனாய் இசிங் கட்டிலில் இருந்தார். எலும்பில் போட்ட திருகாணி பிடிக்கவில்லை. இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். பிப்ரவரி நடுவில் நாள் குறித்திருந்தார்கள். வலியிலும் அந்த அம்மாளின் வாய் ஓயவில்லை.

"வாடா மாப்பிள்ளை. உன் ஊர்ல சோறே போடலையா, இல்ல எல்லாத்தையும் நீயே தின்னுட்டியா? என்ன வயிறு இது?"

ஜோவலினின் தம்பி ரமில் வீட்டில் இருந்தான். ஆளேற்றும் மூன்று சக்கர வண்டி ஓட்டுபவன். ஓரெஸ்டை 'மானோங்' என்பான். அங்கே மூத்த ஆண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்; மூத்த பெண் என்றால் 'மானாங்'. மரியாதை வாயில் மட்டும்தான் என்பது ஓரெஸ்டின் எண்ணம். அக்காள் அனுப்பும் காசில் காலாட்டிக்கொண்டிருக்கிறான் என்று கனோராவில் எத்தனையோ முறை முணுமுணுத்திருக்கிறார். ஜோவலின் பதிலே சொன்னதில்லை.

மூன்று வாரம் நல்லபடியாகப் போனது. ஒரு நாள் காலை நனாயைச் சக்கர நாற்காலியில் வைத்து மாமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். இடது கை திடீரென்று கனத்தது. நெஞ்சின்மேல் யாரோ டிராக்டர் சக்கரத்தை ஏற்றி நிறுத்தியது போல இருந்தது. நாற்காலி உருண்டுவிடக் கூடாதே என்று அதன் தடையைக் காலால் மிதித்தார். அவருக்கு நினைவிருப்பது அவ்வளவுதான்.

ரமில் அவரைத் தூக்கி வண்டியில் போட்டான். ஜோவலின் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நெரிசலில் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இதயக் குழாயில் அடைப்பு. உடனே திறந்து குழல் வைக்காவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார் என்றார்கள். முன்பணம் கட்டச் சொன்னார்கள்.

ஜோவலின் கவலைப்படவில்லை. காப்பீடு இருக்கிறதே. கைபேசியில் கூப்பிட்டாள். மறுமுனைப் பெண் கேட்கக் கேட்கப் பதில் சொன்னாள். கனோரா மருந்துக்கடையிலிருந்தும் அவர்கள் விவரம் வாங்கிக்கொண்டார்கள். பிறகு அந்தக் குரல் மாறியது.

"மன்னிச்சுக்கங்க மேடம். டிசம்பர்ல அவரோட ரத்த அழுத்த மாத்திரை மாறியிருக்கு. கிளம்புறதுக்கு முந்தின மூணு மாசம் மருந்து மாறாம இருக்கணும். இது எங்க பொறுப்புல வராது."

"மாறுச்சா? கூட்டியா குடுத்தாங்க?"

"இல்ல. குறைச்சிருக்காங்க."

"குறைச்சா நல்லதுதானே? உடம்பு தேறினதாலதானே குறைப்பாங்க!"

"கூட்டினாலும் குறைச்சாலும் மாற்றம் மாற்றம்தான் மேடம். பழைய அளவுலயே இருந்திருந்தா நாங்க கட்டியிருப்போம்."

ஜோவலின் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பு தேறியதற்கு ஒரு தண்டனையா? அவளால் அழக்கூட முடியவில்லை. எத்தனையோ முதியவர்களின் மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தவள் அவள். இப்படி ஒரு விதியை அவளுமே நின்று படித்ததில்லை. அவள் காப்பீடு எடுத்த வருஷங்களில் மாத்திரை மாறாமல் இருந்ததால் தப்பித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ரமில் அவள் முன்னால் குந்தினான். "மானாங், அம்மா ஆபரேஷன் பணம் இருக்கு."

"வாயை மூடு."

"நான் சொல்லல. அம்மாவே சொல்லிட்டாங்க, இப்பத்தான் போன்ல. 'என் இடுப்பு காத்திருக்கும், அவன் நெஞ்சு காத்திருக்குமா'ன்னு கேட்டாங்க. நீ அழுதா உன்னைச் செருப்பால அடிப்பாங்களாம்."

அந்தப் பணமும் போதவில்லை. ரமில் எழுந்து வெளியே போனான். மதியத்துக்குள் திரும்பி வந்தபோது மீதியும் அவன் கையில் இருந்தது. வண்டி இல்லை.

ஓரெஸ்ட் பிழைத்துக்கொண்டார். இதெல்லாம் அவருக்குச் சில நாட்கள் தெரியாது. காப்பீடு கட்டிவிட்டது என்றே நினைத்துக்கொண்டு, தாதிகளிடம் ஐஸ்கிரீம் கேட்டுக்கொண்டு கிடந்தார். விசா முடியும் நாள் நெருங்கியதால் ஜோவலின் மருத்துவர் எழுதிய தாளோடு குடியேற்ற அலுவலகத்துக்கு அலைந்து கெடுவை நீட்டித்தாள். "விட்டிருந்தா உங்களைக் கட்டிலோட நாடு கடத்தியிருப்பாங்க மானோங்," என்று ரமில் சிரித்தான்.

வீடு திரும்பிய அன்று ஓரெஸ்ட் தேடினார். "உன் வண்டி எங்கடா?"

"பழுது."

"எங்கே விட்டிருக்க, நான் பார்க்கிறேன். எஞ்சினா?"

ரமில் தலையைச் சொறிந்தான். கட்டிலில் கிடந்த நனாய்தான் போட்டு உடைத்தார். "வண்டி உன் நெஞ்சுக்குள்ள ஓடுது மாப்பிள்ளை. என் இடுப்பும் அங்கதான் இருக்கு. ரெண்டையும் பத்திரமா வச்சுக்க."

ஓரெஸ்ட் ஜோவலினைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக, கேள்வி கேள்வியாக, மாத்திரைக் கதை முழுதும் வெளியே வந்தது. 'மோசமா ஒண்ணுமில்ல தம்பி' என்று தான் பெருமையாகச் சொன்னது காதுக்குள் ஒலித்தது. மாமியார் பிப்ரவரியில் எழுந்து நடந்திருக்க வேண்டியவர். அவரைப் படுக்கவைத்துவிட்டுத் தான் எழுந்து நிற்கிறோம். யாரைச் சோம்பேறி என்று ஏசினோமோ அவன் பிழைப்பையே தன் நெஞ்சில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அவர் ரமிலின் கையைப் பிடித்தார்.

"விடுங்க மானோங்," என்றான் ரமில், கூச்சத்தோடு. "அந்த வண்டி மேடு ஏறவே ஏறாது."

மருத்துவர் அனுமதித்ததும் ஏப்ரலில் கனோராவுக்குத் திரும்பினார்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் ஜோவலின் இரண்டு முறை முறையிட்டாள். ஊர் வைத்தியரும் அவர்களோடு சண்டை போட்டுப் பார்த்தார். பதில் மாறவில்லை. வெளிநாட்டு வைத்தியத்துக்கென்று மாகாண அரசின் மருத்துவத் திட்டம் கொடுத்தது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஓரெஸ்ட் தன் மீன்பிடிப் படகையும், தானே பூட்டி உயிர் கொடுத்த பழைய டிரக்கையும் விற்றார். டிரக்கை வாங்கியவன் டெல்மர்தான். அன்று அவன் கேலி எதுவும் செய்யவில்லை. ரமிலுக்கு வண்டி திரும்பி வந்தது. நனாய்க்கு மே மாதம் அறுவை நடந்தது.

ஆனால் இடையில் போன மாதங்கள் தங்கள் வேலையைக் காட்டியிருந்தன. கால் தசை வற்றிப்போயிருந்தது. ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. முன்னே போலத் தனியாகச் சந்தைக்குப் போக முடியாது என்றார்கள் மருத்துவர்கள். கைபேசியின் சின்னத் திரையில் அந்த அம்மாள் நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முதல் அடி வைத்ததை ஓரெஸ்ட் தன் பட்டறையில், கிரீஸ் படிந்த கையோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அடிக்கும் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

"என்னடா மாப்பிள்ளை, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? பொணமா பாக்குற? நடக்குறேன்ல!"

"நடக்குறீங்க நனாய்," என்றார் ஓரெஸ்ட். அதற்கு மேல் அவரால் பார்க்க முடியவில்லை. கைபேசியைப் பக்கத்தில் நின்ற ஜோவலினிடம் கொடுத்துவிட்டு, திறந்து கிடந்த எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார்.