சாய்வு நாற்காலியும் இடுப்புக் கயிறும்

லொறியில் போனவர்கள்: ஓட்டியது நான். பக்கத்தில் கிளீனர் மாரிமுத்து. பின்தட்டில் நிறைமாத அழகம்மா. அவள் புருஷன் சுப்பையா. தோட்டத்து மருத்துவிச்சி காத்தாயி அக்கா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தோ ஆறோ, மழைக்காலம். இலங்கை மலைநாட்டில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள் காத்தாயி அக்கா. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்தவர், நல்ல மனுஷர். தன் சாய்வு நாற்காலியைத் தந்தார்.

“சாய்ஞ்சு படுத்தால்தான் ஆட்டம் தெரியாது. கயிறு போட்டுக் கட்டுங்கோ.”

எனக்கும் அது சரியாகவே பட்டது. நாற்காலியை முன்பக்கம் பார்க்க வைத்து லொறியோடு இறுக்கினேன். அழகம்மாவைச் சாய்த்து, இடுப்பில் கயிறு கட்டினோம்.

ஒரு வளைவில் மண் சரிந்து கிடந்தது. பிரேக்கை மிதித்தேன். பின்னால் அலறல். ஓடிப் போய்ப் பார்த்தேன். நாற்காலி அசையவில்லை. அவள்தான் கயிற்றுக்கு அடியால் வழுக்கிப் போயிருந்தாள். இடுப்புக் கயிறு வயிற்றில் ஏறி அழுத்தியது. சுப்பையா கத்தியால் அறுத்தான்.

காத்தாயி அக்கா வயிற்றில் கை வைத்தாள்.

“துடிக்குது. வண்டிய எடு.”

“அந்த நாக்காலிய ஓடையில போடுங்க,” என்றாள் அழகம்மா. “நான் நிமிந்தே வர்றேன். முதுகுக்குச் சாக்கு குடுங்க.”

பின்தட்டில், கேபினை ஒட்டிய பலகையில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் சாக்குகளை அடுக்கினோம். அதில் முதுகு சேர்த்து, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். மண்ணை ஒட்டிக் கடந்தோம்.

பதுளைக்கு முந்திய இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. கியரை இறக்கினேன். நிற்கவில்லை. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் மண்மேடு.

“மேட்டுல விடுங்கண்ணே!” மாரிமுத்து கத்தினான்.

மேட்டில் விட்டேன். லொறியின் மூக்கு நசுங்கியது. எனக்கு ஒரு பல் போனது. மாரிமுத்துவுக்கு நெற்றி பிளந்தது. காத்தாயி அக்காவுக்குக் கை பிசகியது. சுப்பையா உருண்டு வந்து பெண்டாட்டி காலடியில் கிடந்தான்.

அழகம்மா சாக்கில் புதைந்தபடியே இருந்தாள்.

“எனக்கு ஒண்ணும் இல்ல. இந்த மனுசனத் தூக்குங்க.”

பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றினோம். கடைசி சீட்டில் படுக்க இடம் விட்டார்கள்.

“படுக்கச் சொல்றவங்கள இனி நம்ப மாட்டேங்க,” என்றாள்.

லொறி ஓட்டுகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். சாய்ந்து கிடப்பவரைக் கயிறு பிடிக்காது. நின்ற வண்டியில் சாயலாம். ஓடும் வண்டியில் நிமிர்ந்து, முதுகுக்கு முட்டுக் கொடுத்து உட்கார வையுங்கள்.

பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண் பிள்ளை. நிறுத்துச் சொன்னார்கள்.

ஐந்தே கால் ராத்தல்.